கார்பன் மின்னணுவியல் நிறுவனத்துக்கு அணி சேர்ப்பது எப்படி

ஆய்வுக்கூடத்தில் கார்பன் நானோகுழாயிலோ (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்) கிராஃபீனிலோ (ஓரணுத் தடிமனான கார்பன் படலம்) ஒரு டிரான்சிஸ்டரையோ உணரியையோ செய்து, அது எதிர்பார்த்தபடி இயங்குவதைக் கண்ட ஆராய்ச்சியாளருக்கு, இதை ஒரு நிறுவனமாக வளர்க்கலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழும். அந்த எண்ணத்தோடு இருப்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நிறுவனத்தைப் பதிவு செய்வது, முதலீட்டாளர்களைச் சந்திப்பது ஆகியவை குறித்து எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். யாரைச் சேர்க்க வேண்டும், எந்த வரிசையில் சேர்க்க வேண்டும், ஒவ்வொருவரிடமும் எதை ஒப்படைக்க வேண்டும் என்பவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறையில் பெரும்பாலான நிறுவனங்கள் சறுக்குவது அந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

வரலாற்றைச் சற்றுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் சுமியோ இஜிமா 1991இல் நானோகுழாய்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு வெளியிட்டார். 1998இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் சீஸ் டெக்கரின் குழுவும், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் குழுவும் ஒற்றை நானோகுழாயில் டிரான்சிஸ்டர் செய்து காட்டின. 178 டிரான்சிஸ்டர்கள் கொண்ட முதல் நானோகுழாய்க் கணினி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானபோது ஆண்டு 2013. அடுத்த ஆறே ஆண்டுகளில், 2019இல், எம்.ஐ.டி.யில் மேக்ஸ் ஷுலேக்கரின் குழு 14,000க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களைக் கொண்ட 16 பிட் நுண்செயலியைச் செய்து முடித்தது. ஒன்றிலிருந்து 178க்கு வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஆனால் நானோகுழாய் எப்படி மின்சாரத்தைக் கடத்துகிறது என்ற இயற்பியல் அந்தப் பதினைந்து ஆண்டுகளின் தொடக்கத்திலேயே பெருமளவு தெரிந்திருந்தது. குழாய்களைப் பிரிப்பது, தகட்டில் படிய வைப்பது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குழாய்க் கட்டிகளைக் களைவது, குறையுள்ள குழாய்களோடு ஒத்துப்போகும் சுற்றை வரைவது ஆகிய வேலைகள்தாம் காலத்தை எடுத்துக்கொண்டன. இவற்றில் எதுவும் ஓர் இயற்பியலாளர் தனியாகச் செய்து முடிக்கக்கூடியது அல்ல.

பதவிகளை எழுதுமுன் பொருளின் பாதையை வரையுங்கள்

தலைமைச் செயல் அலுவலர், தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் என்று பெட்டிகள் போட்டு அமைப்பு வரைபடம் தயாரிப்பதைத் தள்ளிப்போடுங்கள். அதற்கு முன்பாக, உங்கள் பொருள் பிறக்கும் இடத்திலிருந்து வாடிக்கையாளரின் கைக்குப் போகும் வரையிலான பாதையை ஒரு பெரிய தாளில் வரையுங்கள். நானோகுழாய் எனில் அந்தப் பாதை ஏறத்தாழ இப்படி இருக்கும்: உலையில் குழாய் வளர்கிறது, கரைசலில் பிரித்துத் தூய்மைப்படுத்தப்படுகிறது, வேஃபர் எனப்படும் சிலிக்கான் வட்டத் தகட்டின் மேல் படிகிறது, கட்டிகள் நீக்கப்படுகின்றன, மின்முனைகளும், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கேட் என்ற முனையும் அமைக்கப்படுகின்றன, சுற்று முழுமை பெறுகிறது, சோதிக்கப்படுகிறது, பொதியிடப்படுகிறது. ஒவ்வொரு படிக்குக் கீழும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத படிதான் நீங்கள் அடுத்து ஆள் சேர்க்க வேண்டிய இடம். ஒரே படியில் இரண்டு பெயர்கள் இருந்தால் அதையும் ஒரு குறையாகவே கருதுங்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே நினைத்துவிட்ட ஒரு வாரத்தில் ஒரு முழு வேஃபர் தொகுதி வீணாகிவிடும்.

இந்தப் பாதையில் எந்தப் படி மிகக் கடினமானது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒற்றைச்சுவர் நானோகுழாய்களைப் பிரிக்காமல் அப்படியே எடுத்தால், அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தும், மீதிதான் தேவைக்கேற்ப அணைக்கக்கூடிய குறைக்கடத்தி. உலோகத்தன்மையுள்ள குழாய் கேட்டின் கட்டளைக்கு அடங்காது. டிரான்சிஸ்டரை அணைக்க முயன்றாலும் அதன் வழியே மின்னோட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு சிப்பில் 14,000 டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றிலும் பத்துக் குழாய்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,40,000 குழாய்கள். பிரிக்காத பொருளில் அவற்றுள் 46,000க்கும் மேல் உலோகக் குழாய்களாக இருக்கும். 99 சதவீதத் தூய்மையிலும் 1,400 மிஞ்சும்; 99.99 சதவீதத்தில் 14. இந்தப் பதினான்கையும் வேதியியலாலேயே ஒழிப்பதா, அவற்றைப் பொறுத்துக்கொள்ளும் சுற்றை வரைவதா என்ற முடிவு, வேதியியலாளரை முதலில் சேர்ப்பதா சுற்று வடிவமைப்பாளரை முதலில் சேர்ப்பதா என்ற முடிவாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே இந்தக் கணக்கை உங்கள் சொந்த எண்களைக் கொண்டு போட்டுப் பார்த்த பிறகே ஆள் தேடத் தொடங்குங்கள்.

நிறுவனர்கள்: நான்டெரோவின் எடுத்துக்காட்டு

நானோகுழாயை நம்பித் தொடங்கப்பட்ட நிறுவனங்களில் கூர்ந்து படிக்க வேண்டியது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2001இல் பிறந்த நான்டெரோ. நானோகுழாய்களால் ஆன, மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத நினைவகத்தைச் செய்வது அதன் நோக்கம். அந்த நினைவகத்துக்கு என்.ரேம் என்று பெயரிட்டார்கள். நிறுவனர்கள் மூவர். தாமஸ் ருயெக்கஸ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லீபரின் ஆய்வுக்கூடத்தில் இந்த நினைவகக் கருத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அந்த ஆய்வுக்கட்டுரை 2000இல் வெளியானது. பிரென்ட் சீகல் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கிரெக் ஷ்மெர்கல் ஆய்வாளர் அல்லர். இணைய நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்திய அனுபவத்தோடு வந்து தலைமைப் பொறுப்பை ஏற்றவர்.

மின்னணுக் கருவியை அறிந்தவர், அது செய்யப்படும் பொருளை அறிந்தவர், நிறுவனத்தை நடத்த அறிந்தவர் என்ற இந்தச் சேர்க்கையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவரும் மூன்று நண்பர்கள் நிறுவனம் தொடங்கும்போது மூவருக்கும் ஒரே அறிவும் ஒரே பழக்கமும் ஒரே குருட்டுப் புள்ளியும் இருக்கும். கூட்டங்களில் கருத்து வேறுபாடே எழாது. யாரும் பார்க்காத பக்கத்திலிருந்து சிக்கல் வரும். நிறுவனர்களில் ஒருவரேனும் மற்றவர்களின் ஆய்வுக்கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்ள முயற்சி தேவைப்படுபவராக இருக்கட்டும். அவருக்கு விளக்கும்போதுதான் நமக்கே தெளிவில்லாத இடங்கள் புலப்படும்.

நான்டெரோவின் கதையில் கற்க வேண்டிய இன்னொன்று, அணி தன் முதல் கருத்தை விட்டுக்கொடுக்கும் துணிவு. ஆய்வுக்கட்டுரையில் இருந்த வடிவம் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கவிடப்பட்ட தனித்தனிக் குழாய்களைக் கொண்டது. ஒவ்வொரு குழாயையும் அதனதன் இடத்தில் வைப்பது உற்பத்தியில் இயலாத காரியம் என்பதால், வேஃபர் முழுவதும் துணிபோலப் பின்னிக்கிடக்கும் நானோகுழாய்ப் படலத்தைச் சுழற்றிப் பூசி, வேண்டாத இடங்களில் அரித்து நீக்கும் முறைக்கு அவர்கள் மாறினார்கள். கண்டுபிடித்தவரே தன் கண்டுபிடிப்பின் அழகான வடிவத்தைக் கைவிட இசைவது எளிதன்று. தொழில்நுட்ப நிறுவனரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட இந்த இசைவைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மை செய்பவர்

நானோகுழாய்களைக் கரைசலில் பிரித்து வைத்திருக்கும் கருநிறத் திரவத்தைத் துறையில் இருப்பவர்கள் மை என்றே சொல்கிறார்கள். அந்த மையைச் செய்பவர் உங்கள் முதல் ஊழியராக இருக்க வேண்டும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹெர்சமும் மைக்கேல் ஆர்னால்டும் 2006இல் அடர்த்திச் சரிவுள்ள கரைசலில் அதிவேக மையவிலக்கியைப் பயன்படுத்தி, உலோகக் குழாயையும் குறைக்கடத்திக் குழாயையும் வெவ்வேறு பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த முறையிலிருந்து நானோஇன்டெக்ரிஸ் என்ற நிறுவனமே பிறந்தது. இன்று குறைக்கடத்திக் குழாய்களை மட்டும் தேர்ந்து சுற்றிக்கொள்ளும் பாலிமர்களும் பரவலாகப் பயன்படுகின்றன. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் லியான்மாவ் பெங் குழு 2020இல் 99.9999 சதவீதத்தையும் தாண்டிய தூய்மையோடு, ஒரு மைக்ரோமீட்டருக்கு 100 முதல் 200 குழாய்கள் வரிசையாக நிற்கும்படி ஒரு வேஃபரில் அடுக்கிக் காட்டியது. ஆக, வழி இருக்கிறது. அந்த வழியில் ஒவ்வொரு வாரமும் தவறாமல் நடக்கக்கூடிய ஆள்தான் வேண்டும்.

இதை நான் நேரில் கண்டு கற்றேன். நான் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒரே பெட்டியில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. இரண்டும் ஒரே சாம்பல் கலந்த ஊதா நிறம். ஒளிக்கு எதிராகப் பிடித்தால் இரண்டும் ஒரே தெளிவு. முதல் குப்பியிலிருந்து செய்த கருவிகள் அருமையாக இயங்கின. மூன்று வாரம் கழித்து இரண்டாம் குப்பியைத் திறந்து அதே முறையில் பூசி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, மெல்லிய நூல்கள் பரவிக்கிடக்க வேண்டிய இடத்தில் கூந்தல் சிக்கைப் போன்ற முடிச்சுகள் தெரிந்தன. இரண்டாம் குப்பியைச் செய்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். குழாய்களைக் கரைசலில் பிரிக்கும் ஒலியலைக் கருவியை எவ்வளவு நேரம், எந்த ஆற்றலில், பனிக்கட்டியில் வைத்தா வெளியிலா இயக்கினார் என்ற குறிப்பு ஏட்டில் இல்லை. இரண்டு மாதங்கள் அந்த ஒரே கேள்விக்குப் போயின.

அன்றிலிருந்து, மை செய்ய வருபவரிடம் அவருடைய சிறந்த முடிவைக் காட்டச் சொல்வதில்லை. கடைசியாகச் செய்த இருபது தொகுதிகளின் பதிவேட்டைக் காட்டச் சொல்கிறேன். தோற்ற தொகுதிகளும் அதில் இருக்க வேண்டும். எந்த உற்பத்தியாளரின் எந்தத் தொகுதி மூலப்பொருள், எத்தனை நிமிடம், எத்தனை சுழற்சி, நிறமாலையில் எந்த முகடு எவ்வளவு உயரம் என்று பதினைந்தாம் தொகுதிக்கும் முதல் தொகுதியைப் போலவே எழுதியிருப்பவரைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பாதுகாப்பான இடம் அமைத்துத் தருவதும் உங்கள் கடமை. காற்றில் பறக்கும் நானோகுழாய்த் தூளை உள்ளிழுப்பது நுரையீரலுக்குக் கேடு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், எட்டு மணிநேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பை 2013இல் பரிந்துரைத்தது. தூளைத் திறந்து எடை போடுவது காற்றிழுப்பு வசதியுள்ள மூடிய பெட்டிக்குள் மட்டுமே நடக்க வேண்டும். இதற்குச் செலவு செய்யத் தயங்கும் நிறுவனத்தில் நல்ல வேதியியலாளர் தங்கமாட்டார், தங்கக்கூடாது.

அளப்பவர்

மை செய்பவரே தன் மையை அளந்து தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு நெடுநாள் நீடிக்காது. அளவீட்டுக்கென்று தனியாக ஒருவரை இரண்டாம் ஊழியராகவே சேர்த்துவிடுங்கள். அவருக்கான நேர்காணலில் நான் வைக்கும் தேர்வு எளிமையானது. ஒரு டிரான்சிஸ்டரின் வளைகோட்டை அச்சிட்டு முன்னால் வைக்கிறேன்: கிடையாக கேட் மின்னழுத்தம், செங்குத்தாக மடக்கை அளவில் மின்னோட்டம். நல்ல கருவியில் மின்னோட்டம் பத்துப் பத்து மடங்காக ஐந்தாறு படிகள் செங்குத்தாகச் சரிந்து கீழே போகும். நான் கொடுக்கும் தாளில் அது அப்படி இரண்டு படிகள் மட்டுமே இறங்கி, அதன் பிறகு தரைபோலத் தட்டையாகப் போகும். இதற்குக் காரணம் என்ன என்று கேட்கிறேன்.

உலோகக் குழாய் என்று உடனே விடை சொல்பவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டியவர், முதலில் கேட் மின்னோட்டத்தின் வளைகோட்டைத் தனியே கேட்பவர். மின்காப்புப் படலம் ஓட்டையாக இருந்தாலும் இதே தட்டைத் தரை தெரியும்; அந்தக் கசிவு கேட் மின்னோட்டத்தில் பிடிபடும். அதில் ஒன்றும் இல்லையென்றால், டிரெய்ன் (மின்னோட்டம் வெளியேறும் முனை) மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும்போது தரையும் இரட்டிப்பாக உயர்கிறதா என்று கேட்பார். உயர்ந்தால் உலோகக் குழாய் என்ற முடிவு வலுப்பெறும். தட்டையாக இல்லாமல் மறுபக்கத்தில் மின்னோட்டம் மீண்டும் ஏறுகிறது என்றால், விட்டம் பெரிதான, ஆற்றல் இடைவெளி (மின்சாரம் ஓட எலெக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஆற்றல்) சிறிதான குழாய்கள் கலந்திருக்கின்றன என்று ஐயுறுவார். ஒரு நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 0.8 எலெக்ட்ரான் வோல்ட். விட்டம் கூடக்கூட இடைவெளி அதே விகிதத்தில் குறையும். இன்னும் தேர்ந்தவர், மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடுத்த இரண்டு வளைகோடுகளையும் காட்டச் சொல்வார். காற்றின் ஈரம் குழாயைச் சுற்றி ஒட்டியிருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியாது. இத்தனையும் ஒரே தாளை வைத்துக்கொண்டு நடக்கும் அரைமணி நேர உரையாடல். பட்டங்களின் பட்டியல் இதைச் சொல்லித் தராது.

உற்பத்தி ஆலையிலிருந்து வருபவர்

ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் நிறுவனர்கள் மிகவும் தாமதமாகச் சேர்ப்பது இவரைத்தான். சிலிக்கான் ஆலையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செயல்முறை ஒருங்கிணைப்பில், அதாவது உற்பத்திப் படிகளை ஒன்றோடொன்று பொருத்தும் வேலையில், பணியாற்றியவர், நானோகுழாயைப் பற்றி ஒன்றுமே அறியாதவராக இருந்தாலும், முதல் ஆண்டுக்குள் உங்கள் அணியில் இருந்தாக வேண்டும்.

காரணம், ஆலையின் வாசல். பல கோடி ரூபாய் மதிப்புள்ள உலைகளும் அரிப்புக் கருவிகளும் இருக்கும் ஆலைக்குள் ஒரு புதிய பொருளைக் கொண்டுபோக வேண்டுமானால், அது மற்ற வாடிக்கையாளர்களின் வேஃபர்களைக் கெடுக்காது என்று நிரூபிக்க வேண்டும். நானோகுழாய்களை வளர்க்கப் பயன்படும் வினையூக்கிகள் இரும்பு, கோபால்ட், நிக்கல் முதலியவை. சிலிக்கான் கருவிகளுக்கு இவை நஞ்சு. வேஃபர் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடி அணுக்கள் என்ற அளவிலேயே ஆலைகள் இவற்றுக்கு வரம்பு வைக்கின்றன. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அதே பரப்பில் சிலிக்கான் அணுக்கள் ஏறத்தாழ ஏழு கோடிக் கோடி இருக்கின்றன. எழுபதாயிரம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு மாசு அணுவுக்கு மேல் இருந்தாலே கதவு திறக்காது என்பதே இதன் பொருள். நான்டெரோ தன் தொடக்க ஆண்டுகளில் பெருமுயற்சி எடுத்துத் தீர்த்த சிக்கல்களில் ஒன்று இதுதான்: குழாய்க் கரைசலில் உலோக மாசை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் கொண்டுவந்து, ஓரிகன் மாநிலத்தின் கிரெஷாமில் எல்.எஸ்.ஐ. லாஜிக் நிறுவனம் நடத்திவந்த ஆலையில் அதைப் பூச வழிசெய்தார்கள். அங்கே அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆலையின் மொழியைப் பேசத் தெரிந்தவர்கள்.

ஆலையின் மொழி என்று நான் சொல்வது நேரத்தையும் சேர்த்துத்தான். ஆய்வுக்கூடத்தில் வேஃபரை மைக்குள் அமிழ்த்திவிட்டு இரண்டு நாள் கழித்து எடுப்பது வழக்கமாக இருக்கலாம். ஆலையில் ஒவ்வொரு கருவிக்கும் மணிக்கணக்கில் வாடகை. எம்.ஐ.டி. குழு தன் முறையை அனலாக் டிவைசஸ், ஸ்கைவாட்டர் ஆகிய நிறுவனங்களின் ஆலைகளுக்குக் கொண்டுபோனபோது, 200 மில்லிமீட்டர் வேஃபர்களில், 48 மணிநேரம் எடுத்த படிவை 150 விநாடிகளாகச் சுருக்கியது. 2020இல் இதை வெளியிட்டார்கள். வேஃபரை நனைத்து, உலரவிட்டு, மீண்டும் நனைக்கும் எளிய மாற்றம் அதில் பெரும்பங்கு வகித்தது. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அந்த வேகம் ஒரு புதிய இயற்பியல் விதியால் கிடைத்ததில்லை. இரண்டு நாள் காத்திருப்பதை ஏற்க மறுக்கும் சூழலில் வேலை செய்ததால் கிடைத்தது என்றே நான் நம்புகிறேன். ஒருங்கிணைப்புப் பொறியாளர் அந்த மறுப்பை உங்கள் அலுவலகத்துக்குள் கொண்டுவருவார். அவர் கேட்கும் கேள்விகள் தொடக்கத்தில் எரிச்சலூட்டும்: இந்தப் படிக்குப் பின் வெப்பநிலை எவ்வளவு வரை போகலாம், இந்தக் கரைப்பானை எங்கள் கழிவுக் குழாயில் விடலாமா, இந்தப் படலம் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் எரிந்துவிடாதா? ஒவ்வொன்றுக்கும் விடையை எழுதி வையுங்கள். அந்த ஏடுதான் பின்னாளில் ஆலையோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் இணைப்பாக மாறும்.

இந்தியாவில் இருந்து தொடங்குபவர்கள் இவரைத் தேடுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 200 மில்லிமீட்டர் வரிசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், சிங்கப்பூரிலும் தைவானிலும் ஆலைப்பணி செய்து ஊர் திரும்பியவர்கள் ஆகியோரிடம் முதலில் விசாரியுங்கள். கருவி செய்து பார்க்கும் தூய்மை அறைக்கு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் வெளியாருக்கும் இடம் தரும் பயனர் திட்டம் இருக்கிறது. மாதிரிகள் செய்ய அது போதும். ஆயினும் பல்கலைக்கழகத் தூய்மை அறையில் கிடைத்த வெற்றியை ஆலை ஏற்றுக்கொண்டுவிட்டது போலக் கருதிவிடாதீர்கள்.

சுற்று வரைபவர்

ஸ்டான்ஃபோர்டில் 2013இல் கணினி செய்த குழுவை வழிநடத்தியவர்களில் சுபாசிஷ் மித்ரா சுற்று, சோதனை ஆகியவற்றில் தேர்ந்தவர். பிலிப் வாங் கருவிகளில் தேர்ந்தவர். இந்த இணைப்பு தற்செயலானதன்று. உலோகக் குழாய்களை எரித்து நீக்குவதற்காக, குறைக்கடத்திக் குழாய்களை எல்லாம் அணைத்துவிட்டு மின்னோட்டத்தைச் செலுத்தும் முறையை அவர்கள் கையாண்டார்கள்; அதைச் சிப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டுமானால், சுற்றை வரையும்போதே அதற்கான வழியை வைத்திருக்க வேண்டும்.

எம்.ஐ.டி. குழு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கணக்குகளைச் செய்யும் தருக்கச் சுற்றுகள் எல்லாவற்றையும் உலோகக் குழாய் ஒரே அளவில் பாதிப்பதில்லை. சில சுற்றுகளை அடுத்தடுத்து இணைக்கும்போது பிழை பெருகும், வேறு சிலவற்றில் அடங்கிவிடும். தாங்கக்கூடிய இணைப்புகளை மட்டுமே கொண்டு வடிவமைத்தால், தேவையான தூய்மை 99.999999 சதவீதத்திலிருந்து 99.99 சதவீதமாகக் குறைகிறது என்று காட்டினார்கள். வேதியியலாளர் பல ஆண்டுகள் பாடுபட்டு எட்ட வேண்டிய பத்தாயிரம் மடங்குத் தூய்மையை வடிவமைப்பாளர் தன் கணினியின் முன் அமர்ந்தபடியே மிச்சப்படுத்தித் தந்தார். வடிவமைப்பாளருக்குக் கருவி தயாரான பிறகுதான் வேலை என்று அவரைக் கடைசியில் சேர்ப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த எதிர்வாதம் எனக்குத் தெரியவில்லை. முழுநேரமாக அவரைச் சேர்க்கப் பணம் இல்லையெனில் வாரத்துக்கு ஒரு நாளாவது வரச் சொல்லுங்கள். அளப்பவரின் மேசைக்கு அருகில் அவருக்கு இடம் ஒதுக்குங்கள்.

கிராஃபீன் எனில்

பாதையும் அணியும் மாறும். கிராஃபீனுக்கு ஆற்றல் இடைவெளி இல்லை; அதில் செய்த டிரான்சிஸ்டரை முழுதாக அணைக்க முடியாது. ஆகவே தருக்கச் சுற்றைவிட உணரிகளுக்கே அது இப்போது பொருந்துகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொருளறிவியல் துறையிலிருந்து பிறந்த பாராகிராஃப் நிறுவனத்தைப் பாருங்கள். சைமன் தாமஸ், காலின் ஹம்ஃப்ரீஸ், ஐவர் கினி ஆகியோர் அதன் நிறுவனர்கள். ஹம்ஃப்ரீஸ் அதற்கு முன்பு சிலிக்கான் மீது காலியம் நைட்ரைடு வளர்த்து ஒளி உமிழும் டயோடு செய்வதில் பெயர் பெற்றவர். மற்றவர்கள் தாமிரத் தகட்டில் கிராஃபீனை வளர்த்து, உரித்து, வேறு வேஃபருக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, இவர்கள் காலியம் நைட்ரைடு வளர்க்கும் வகை உலையிலேயே நேரடியாக வேஃபரின் மேல் கிராஃபீனை வளர்த்தார்கள். தாமிர மாசு என்ற கேள்வியே எழவில்லை. அவர்கள் விற்கத் தொடங்கிய காந்தப்புல உணரிகளை ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையம் தன் காந்தங்களை அளக்கச் சோதித்துப் பார்த்தது. அணியிலிருந்தவர்களின் பழைய கைப்பழக்கமே இங்கே புதிய முறையாயிற்று. எனவே ஆள் எடுக்கும்போது, கார்பனில் முன்னனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை எல்லா இடத்துக்கும் போடாதீர்கள்.

பங்கு, காப்புரிமை, காலம்

இந்தத் துறையில் காலம் நீளமானது. 2001இல் தொடங்கிய நான்டெரோ 2008இல் தன் அரசுத்துறைப் பிரிவை லாக்ஹீட் மார்ட்டினுக்கு விற்றது. நிறுவனர்களில் ஒருவரான சீகல் அங்கே சென்றார். 2016இல் ஜப்பானின் ஃபுஜிட்சு செமிகண்டக்டர் அதன் தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்றபோது நிறுவனத்துக்கு வயது பதினைந்து. நிறுவனர் ஒருவர் நடுவழியில் விலகுவது பழியன்று, நடக்கக்கூடியது. அதற்கு முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். நிறுவனர்களின் பங்குகள் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகட்டும், முதல் ஆண்டு முடியும்வரை எதுவும் உரிமையாக வேண்டாம் என்பது பரவலான நடைமுறை; கார்பன் நிறுவனத்துக்கு ஐந்தாறு ஆண்டுகளாக நீட்டிப்பதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்தில் நடந்திருந்தால் அதன் காப்புரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். உரிம ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் யாரையும் வேலைக்கு வரச் சொல்லாதீர்கள். சேரும் ஒவ்வொருவரும் தன் பழைய நிறுவனத்தின் குறிப்பேடுகளையோ கோப்புகளையோ கொண்டுவரவில்லை என்று எழுத்தில் உறுதி தரட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோகும் பேராசிரியரை ஆலோசகர் என்றே குறிப்பிடுங்கள். அணிப் பட்டியலில் ஊழியர்களோடு கலந்து எழுதினால், வேலை செய்ய எத்தனை கைகள் உண்டு என்பதை நீங்களே தவறாக எண்ணிவிடுவீர்கள்.

முதல் தொகுதி

ஐவரோ அறுவரோ சேர்ந்தவுடன் பெரிய இலக்கு எதையும் வைக்காமல், ஒரு சிறிய தொகுதி வேஃபர்களைத் தொடக்கம் முதல் இறுதிவரை கொண்டுபோகச் சொல்லுங்கள். ஆறு வேஃபர்கள் போதும். இரண்டை மை இல்லாமல், மற்ற எல்லாப் படிகளும் அப்படியே நடக்கும்படி அனுப்புங்கள். சிக்கல் குழாயிலா செயல்முறையிலா என்று பின்னால் பிரித்தறிய அவைதான் உதவும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் தருபவரும் பெறுபவரும் ஒரே தாளில் கையெழுத்திடட்டும்: எந்த வேஃபர், எத்தனை மணிக்கு, எந்த நிலையில். வேஃபர்கள் ஆலையிலிருந்து திரும்பி வரும் நாளில் மை செய்தவரும் அளப்பவரும் ஒருங்கிணைப்பாளரும் வடிவமைப்பாளரும் ஒரே அறையில் இருக்க ஏற்பாடு செய்துவிட்டு, பெட்டியை அளப்பவர் திறக்கட்டும். மை பூசாத இரண்டு வேஃபர்களை அவர் முதலில் நுண்ணோக்கிக்குக் கீழே வைக்கட்டும்.